கண்ணுக்குள் ஒரு கும்கி

(தெப்பக்காடு யானைகள் முகாமில் பாகன்கள், அவர்களின் உதவியாளர்களான காவடிகள், வனக் காவலர்கள், தோட்டத் தொழிலாளர்கள், சுகாதாரப் பணியாளர்கள் கூடியிருந்த மாலையில் கண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யானைகளுக்குச் சாயங்காலத் தீனி கொடுத்த கையோடு நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். உங்கள் சமையல் கூடத்தை வரும்போது எட்டிப் பார்த்தேன். ராகி எவ்வளவு, கொள்ளு எவ்வளவு, வெல்லம் எவ்வளவு என்று ஒவ்வொரு யானைக்கும் தனிக் கணக்கு வைத்திருக்கிறீர்கள். வயதையும் எடையையும் உடம்பு இருக்கிற இருப்பையும் பார்த்துக் கால்நடை டாக்டர் சொன்ன அளவு அது. ஒரு யானையின் உருண்டையை இன்னொரு யானைக்குத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டீர்கள். நான் இன்று பேச வந்திருக்கும் மருந்துக்கும் அப்படியொரு கணக்கு உண்டு. ஆனால் நம் ஊர்களில் அந்த மருந்தைத்தான் பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் காட்டிக்கூட வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அதன் பெயர் ஸ்டீராய்டு.

இந்தப் பெயரைச் சொன்னதும் எனக்கு எதிரே இரண்டு வகை முகங்கள் தெரியும். “ஐயோ, அது வேண்டாம் டாக்டர், உடம்பு ஊதிடும்” என்பது ஒன்று. “முன்னாடி ஒரு தடவை போட்டாங்க, ரெண்டே நாள்ல பளிச்சுன்னு தெரிஞ்சுது, அதையே குடுங்க” என்பது மற்றொன்று. பயந்து விலகியவர்களிலும் பார்வை இழந்தவர்கள் உண்டு. ஆசைப்பட்டுத் தொடர்ந்தவர்களிலும் உண்டு. இருவருக்கும் சேர்த்துச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது: கண்ணுக்குள் வீக்கம் வடிவது வேறு, நோய் தீர்வது வேறு. மீதி நேரம் முழுக்க இதைத்தான் விரித்துச் சொல்லப்போகிறேன்.

முதலில் கண்ணுக்குள் போய்விட்டு வருவோம். கண் உருண்டைக்கு மூன்று அடுக்குச் சுவர். வெளியே தெரியும் வெள்ளைச் சுவர் காவலுக்கு. உள்ளே கடைசியாக இருப்பது விழித்திரை. ஒளியைப் பிடித்து மூளைக்கு அனுப்புவது அதுதான். இரண்டுக்கும் நடுவே ரத்தக் குழாய்களால் நெய்த கருமையான படலம் ஒன்று இருக்கிறது. அதன் பின்பகுதிக்குக் கோராய்டு என்று பெயர். விழித்திரையின் வெளிப்பகுதிக்குச் சோறு போடுவது இந்தக் கோராய்டு. எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் உடம்பிலேயே மிக அதிகமாக ரத்தம் ஓடும் இடங்களில் ஒன்று.

ரத்தம் அதிகம் வருகிற இடத்துக்கு வம்பும் அதிகம் வரும். மைசூர் ரோடு இந்தத் தெப்பக்காட்டில்தான் கூடலூருக்கும் மசினகுடிக்கும் பிரிகிறது. போகிற வருகிற வண்டியெல்லாம் இங்கே ஒரு நிமிஷம் நின்று போகிறது. யார் வந்தாலும் முதலில் உங்கள் கண்ணில்தான் படுகிறார்கள். கோராய்டும் அப்படி ஒரு முச்சந்தி. நுரையீரலில் இருந்து கிளம்பிய காசநோய்க் கிருமி அங்கே இறங்கும். பூனையின் எச்சத்தில் இருந்து வந்த ஒட்டுண்ணி இறங்கும். எந்தக் கிருமியும் இல்லாமல், நம்முடைய எதிர்ப்பு அணுக்களே ஆள் தெரியாமல் வந்து அடித்து நொறுக்குவதும் உண்டு. இப்படி நடுப்படலம் அழன்று போவதை யூவியைட்டிஸ் என்கிறோம். கோராய்டில் மட்டும் வந்தால் கோராய்டைட்டிஸ்.

பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் நம் வீட்டுச் சுவர் சும்மா இருக்குமா? விழித்திரையின் நடுவில் மேக்குலா என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது. மஞ்சள் புள்ளி என்றும் சொல்வார்கள். ஊசியில் நூல் கோக்கவும், முகம் பார்த்து ஆளைச் சொல்லவும், தேயிலைச் செடியில் இரண்டு இலையையும் ஒரு கொழுந்தையும் பார்த்துக் கிள்ளவும் வேண்டிய நுணுக்கப் பார்வை முழுக்க அங்கேதான். அதன் நடுப்பகுதியின் தடிமன் கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர். விழித்திரையின் ரத்தக் குழாய்களில் சாதாரணமாக ஒரு சொட்டு நீர் கசியாது. அணுக்கள் அவ்வளவு நெருக்கமாக ஒட்டியிருக்கும். அழற்சி வந்தால் அந்த ஒட்டு விட்டுப்போகும், நீர் கசியும். கசிந்த நீரைக் கீழே உறிஞ்சி இறைத்துவிட விழித்திரைக்கு அடியில் நிறமி அணு அடுக்கு ஒன்று மோட்டார் மாதிரி வேலை செய்கிறது. கோராய்டு கெட்டால் அந்த மோட்டாரும் மக்கர் செய்யும். மேலே ஒழுகுகிறது, கீழே இறைப்பு நின்றுவிட்டது. நீர் மேக்குலாவில் சிறு சிறு கொப்புளங்களாகத் தேங்குகிறது. ஸ்கேனில் பார்த்தால் கால் மில்லிமீட்டர் இருந்த இடம் அரை மில்லிமீட்டர் ஆகியிருக்கும். இதுதான் விழித்திரை வீக்கம்.

இதில் வலி இருக்காது. பல பேருக்குக் கண் சிவக்கவும் சிவக்காது. ஓரப் பார்வை நன்றாகவே இருக்கும், ஆகையால் ஆள் நடமாடிக்கொண்டே இருப்பார். பார்க்கிற முகத்தின் நடுவில் மட்டும் புகை படிந்த மாதிரி இருக்கும். கதவு நிலை வளைந்து தெரியும். ஒரு கண்ணில் மட்டும் வந்தால் மற்றக் கண் சரிக்கட்டிவிடும். மாசக்கணக்கில் தெரியவே தெரியாது. வனக் காவலர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். புதருக்குப் பக்கத்தில் அசைவு தெரிகிறது, அசைவது என்ன என்று மட்டும் தெரியவில்லை. உங்கள் வேலையில் அது எவ்வளவு தூரம் ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த நீர் மாசக்கணக்கில் நின்றுவிட்டால் அடியில் இருக்கும் பார்வை அணுக்கள் சிதைந்து அழிகின்றன. பிறகு நீரை வடித்தாலும் பார்வை வராது. அதனால்தான் அவசரப்படுகிறோம், அதனால்தான் ஸ்டீராய்டுக்குப் போகிறோம்.

இந்த மருந்தின் கதையில் நம் ஊர்க்காரர் ஒருவரையும் நிறுத்திப் பார்க்கலாம். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முடக்குவாதத்தால் படுக்கையோடு கிடந்த ஒரு பெண்ணுக்கு, பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் கார்டிசோன் ஊசி போட்டுப் பார்த்தார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். உலகமே அதிசயித்தது. 1950-ல் ஹென்ச்சுக்கும், அந்தப் பொருளைப் பிரித்தெடுத்த கெண்டல், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே 1948-ல், அதே முடக்குவாதத்தால் ராணுவ மருத்துவப் பணியை விட்டு வெளியேறினார் தமிழ்நாட்டு இளம் மருத்துவர் ஒருவர். விரல்கள் கோணிப்போயின. பிரசவம் பார்க்கும் மருத்துவராக ஆசைப்பட்டவர், அது முடியாமல் கண் மருத்துவத்துக்கு வந்தார். அந்தக் கோணல் விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார். 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமிதான் அவர்.

கார்டிசோனின் அதிசயம் நெடுநாள் நிலைக்கவில்லை. ஊசியை நிறுத்தினால் முடக்குவாதம் திரும்பி வந்தது. நிறுத்தாமல் போட்டால் முகம் உப்பியது, எலும்பு தேய்ந்தது, சர்க்கரை ஏறியது. தீயை அணைக்கிறதே தவிர, தீ வைத்தவனை இது பிடிப்பதில்லை என்று அப்போதே புரிந்துவிட்டது. எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் கண்ணுக்குள் இந்தப் பாடம் மாறவில்லை.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். ஊருக்குள் காட்டு யானை வந்துவிட்டது. பந்தலூரில் இருந்தோ கூடலூரில் இருந்தோ தகவல் வருகிறது. இங்கிருந்து, காட்டு யானையை விரட்டப் பழக்கிய கும்கியை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறீர்கள். கும்கி போய் நின்றாலே பாதி வேலை முடிந்தது; வந்தவன் பின்வாங்குவான். ஸ்டீராய்டு கண்ணுக்குள் போகிற கும்கி. விரிந்துபோன ரத்தக் குழாயின் ஒட்டுகளை இறுக்குகிறது, அழற்சியைக் கிளப்பும் ரசாயனங்களை அடக்குகிறது, வெறி பிடித்த எதிர்ப்பு அணுக்களை நகரவிடாமல் நிறுத்துகிறது. நீர் வடிகிறது, பார்வை தெளிகிறது. ஆனால் கும்கியைப் பாகன் இல்லாமல் அனுப்புவீர்களா? காட்டு யானை ஏன் வந்தது, பலாப்பழம் பழுத்ததா, வழித்தடத்தில் யாராவது வேலி போட்டார்களா என்று பார்க்காமல் வருஷம் முழுக்க அந்த ஊரிலேயே கும்கியைக் கட்டி வைப்பீர்களா? கும்கிக்கும் தீனி வேண்டும், கும்கியும் வயலை மிதிக்கும்.

கும்கியைக் கண்ணுக்குள் அனுப்ப ஐந்தாறு பாதை உண்டு. சொட்டு மருந்து எல்லோருக்கும் தெரியும். அது கண்ணின் முன்பக்கத்தைத் தாண்டிப் பின்னே அவ்வளவாகப் போகாது. மேக்குலா வீக்கத்துக்குச் சொட்டு மருந்தை மட்டும் நம்பி உட்காரக்கூடாது. மாத்திரை, பெரும்பாலும் பிரெட்னிசோலோன், உடம்பு எடையைக் கணக்கிட்டுத் தொடங்கி, வாரா வாரம் படிப்படியாகக் குறைப்பது. இரண்டு கண்ணிலும் நோய் என்றால், உடம்பிலும் நோய் என்றால், இதுதான் வழி. ஒரு கண்ணில் மட்டும் என்றால் உடம்பு முழுவதையும் ஏன் மருந்தில் முக்க வேண்டும்? கண் உருண்டைக்கு வெளியே, ஓரமாக, டிரையாம்சினோலோன் ஊசி போடலாம். அல்லது கண்ணுக்குள்ளேயே, விழித்திரைக்கு முன்னே இருக்கும் கூழ் போன்ற பகுதியில் போடலாம். டெக்ஸாமெத்தசோன் அடைத்த, தானே கரைந்துபோகும் சிறு குச்சியை ஊசி வழியாகக் கண்ணுக்குள் வைத்துவிடும் முறையும் வந்துவிட்டது. அதில் இருப்பது 0.7 மில்லிகிராம் மருந்துதான். மெல்ல மெல்லக் கரைந்து மூன்று நான்கு மாதம் வேலை செய்யும். கோராய்டுக்கும் வெள்ளைச் சுவருக்கும் இடையிலான சந்திலேயே மருந்தைச் செலுத்தும் ஊசிக்கு 2021-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நோய் இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மருந்தைக் கொண்டுபோய் வைப்பதுதான் அதன் யோசனை.

எது நல்லது என்று சும்மா சொல்லவில்லை, ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். யூவியைட்டிஸால் மேக்குலா வீங்கியவர்கள் 192 பேர். அவர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து மூன்று விதமாக மருந்து கொடுத்தார்கள். முடிவு 2019-ல் வெளியானது. எட்டு வாரம் கழித்து அளந்தபோது, கண்ணுக்கு வெளியே ஊசி போட்டவர்களுக்கு மேக்குலாவின் தடிமன் சராசரியாக 23 சதவீதம் குறைந்திருந்தது. கண்ணுக்குள் டிரையாம்சினோலோன் போட்டவர்களுக்கு 39 சதவீதம். கரையும் குச்சி வைத்தவர்களுக்கு 46 சதவீதம். பார்வையும், கண்ணுக்குள்ளே போட்ட இரண்டு கூட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவில், வெளியே போட்டவர்களைவிடக் கூடுதலாகத் தேறியது. ஆனால் கண்ணுக்குள்ளே போட்ட இரண்டு கூட்டத்திலும் கண் அழுத்தம் ஏறியவர்கள் அதிகம். வீட்டுக்குள் வந்த கும்கி வேலையையும் கூடுதலாகச் செய்யும், தட்டுமுட்டுச் சாமான்களையும் கூடுதலாக மிதிக்கும்.

இனி நான் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். வந்தது யார் என்று தெரியாமல் கும்கியை அனுப்பினால் என்ன ஆகும்? தமிழ்நாட்டிலேயே நடந்த மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன்.

1993 கடைசியில் மதுரைப் பக்கம் பெருமழை, வெள்ளம். வெள்ளம் வடிந்து சில மாதங்களில் அரவிந்த் மருத்துவமனையின் யூவியைட்டிஸ் பிரிவுக்குத் திடீரென்று ஒரே மாதிரி கண்கள் வரத் தொடங்கின. இவ்வளவு பேருக்கு ஒரே நேரத்தில் எதிர்ப்பு அணுக்கள் வெறிபிடிக்காதே, இதற்குப் பின்னால் ஒரு கிருமி இருக்க வேண்டும் என்று மருத்துவர் எஸ்.ஆர். ரத்தினமும் உடன் இருந்தவர்களும் துருவினார்கள். லெப்டோஸ்பைரா என்று தெரிந்தது. நாம் எலிக்காய்ச்சல் என்கிறோமே, அது. எலியும் மாடும் சிறுநீர் கழித்த வெள்ளத்தில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்குக் காய்ச்சல் வந்து போயிருக்கிறது. காய்ச்சலை மறந்துபோன பிறகு கண்ணில் வந்து நின்றிருக்கிறது. 73 நோயாளிகளைப் பற்றிய அந்த ஆய்வு 1997-ல் வெளிவந்தது. குதிரைகளுக்கும் இதே கிருமியால் திரும்பத் திரும்பக் கண் அழற்சி வருவதுண்டு; நிலா வளர்வதும் தேய்வதும்தான் காரணம் என்று நம்பி, அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் அதற்கு நிலாவின் பெயரையே வைத்திருந்தார்கள். நல்ல சேதி என்னவென்றால், இந்த வகை அழற்சி ஸ்டீராய்டுக்குப் பெரும்பாலும் நன்றாகவே அடங்கும். மாயாற்றில் யானையைக் குளிப்பாட்டுகிறவர்கள் நீங்கள். காலில் வெடிப்பும் புண்ணும் இருக்கும்போது தண்ணீரில் இறங்குகிறீர்கள். காய்ச்சல் வந்து போன பிறகு கண் மங்கினால், “மூணு மாசம் முன்னாடி காய்ச்சல் வந்துச்சு” என்பதைக் கண் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இரண்டாவது கோயம்புத்தூரில். 2004-05-ல் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி 248 பேரின் கண்ணைத் தாக்கியது. பூனையின் எச்சத்தில் இருந்து மண்ணுக்கும் தண்ணீருக்கும் போகிற கிருமி இது. குடிநீர் வழியாகப் பரவியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. இங்கேதான் கதை மாறுகிறது. இந்த நோயில் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் அழற்சி அடங்குகிற மாதிரி அடங்கி, உள்ளே ஒட்டுண்ணி கொண்டாட்டமாகப் பெருகி விழித்திரையைத் தின்றுவிடும். முதலில் கிருமிக்கான மருந்து, அதன் துணையோடுதான் ஸ்டீராய்டு. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது வயிற்றுக்கு மட்டும் நல்லது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், கண்ணுக்கும் நல்லது.

மூன்றாவது ஒரு சம்பவம் அல்ல, தினசரி நடப்பது. காசநோய். கோராய்டில் பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி வளைந்து வளைந்து பரவும் அழற்சி ஒன்று உண்டு. மேல்நாட்டில் அதைக் கிருமியில்லா நோய் என்று வைத்து ஸ்டீராய்டு கொடுப்பார்கள். நம் நாட்டில் அதே தோற்றத்துக்குப் பின்னால் பல சமயம் காசநோய் ஒளிந்திருக்கிறது. ஸ்டீராய்டு கொடுத்தால் முதல் வாரம் பிரமாதமாக இருக்கும். அடுத்த மாதம் இன்னொரு ஓரத்தில் கிளம்பும். ஆகவேதான் மாத்திரை எழுதுமுன் நெஞ்சு எக்ஸ்ரே, கையில் மேன்டூ ஊசி, ரத்தப் பரிசோதனை என்று உங்களை அலைக்கழிக்கிறோம். “கண்ணுக்கு வந்தவனை நெஞ்சைப் படம் பிடிக்கிறாங்க” என்று கோபப்படாதீர்கள். வந்த யானையின் கால் தடத்தைப் பார்க்கிற வேலை அது.

கிருமியே இல்லாமல் கோராய்டைத் தாக்கும் நோயும் நம்மிடம் உண்டு. வோக்ட், கோயனாகி, ஹரடா என்ற மூவரின் பெயரைச் சேர்த்து அதற்கு வைத்திருக்கிறார்கள். தலைவலி, காதில் இரைச்சல், சில நாட்களில் இரண்டு கண்ணும் மங்கல். பிறகு கண்ணிமை மயிர் வெளுப்பது, தோலில் வெண்திட்டு. உடம்பின் கருநிறமி அணுக்களையே எதிரி என்று எண்ணி நம் படை அடிக்கும் நோய் இது. கோராய்டு கருப்பாக இருப்பதால் முதல் அடி அதற்குத்தான். நீர் விழித்திரைக்கு அடியில் குளமாகத் தேங்கி, விழித்திரையையே பெயர்த்துவிடும். இதில் தயங்கக்கூடாது. முதல் சில வாரங்களுக்குள் பெரிய அளவில் ஸ்டீராய்டு கொடுத்து, மாதக்கணக்கில் நிதானமாகக் குறைக்க வேண்டும். பயந்து போய் அரைகுறையாக நிறுத்தியவர்களுக்கு நோய் நாள்பட்டதாகி விடும். ஸ்டீராய்டு என்றாலே ஓடுகிறவர்களுக்காகத்தான் இதைச் சொன்னேன்.

அடுத்து இந்த மலைக்கே உரிய இரண்டு எச்சரிக்கைகள். இந்தியாவில் சிக்கிள் செல் எனப்படும் அரிவாள் செல் ரத்தசோகை முதன்முதலில் விவரிக்கப்பட்ட இடங்களில் ஒன்று நீலகிரி. 1952-ல் இங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தில் அதைக் கண்டார்கள். அந்த நோய் உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து நிறுத்தும்போது எலும்பு வலி நெருக்கடி கிளம்பக்கூடும். கண் அழுத்தத்துக்கும் மேக்குலா நீருக்கும் கொடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையும் அவர்களுக்கு ஆகாது. வீட்டில் யாருக்காவது சிக்கிள் செல் அட்டை இருந்தால், கண் டாக்டரிடம் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டாவது, காலணி போடாமல் ஈர மண்ணில் நடக்கிறவர்களின் பாதத் தோல் வழியே உள்ளே நுழையும் ஒரு நூல் போன்ற புழு. சாதாரண நாளில் குடலில் சாதுவாக இருக்கும். பெரிய அளவு ஸ்டீராய்டு உள்ளே போனதும் பெருகி, உடம்பெல்லாம் பரவி, உயிருக்கே உலை வைக்கும். அந்தச் சந்தேகம் இருந்தால் ஸ்டீராய்டுக்கு முன்னே புழு மருந்து கொடுத்துவிடுவது நல்லது.

கும்கி மிதிக்கிற வயலைப் பற்றியும் சொல்ல வேண்டுமே. கண் அழுத்தம்தான் முதல் கவலை. ஸ்டீராய்டு சொட்டு மருந்தை வாரக்கணக்கில் விட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அழுத்தம் கூடும். இருபதில் ஒருவருக்கு மிக மோசமாகக் கூடும் என்று 1960-களிலேயே கண்டார்கள். அழுத்தம் ஏறுவது வலிக்காது. பார்வை நரம்பு ஓரத்தில் இருந்து சத்தமில்லாமல் கருகும். போன பார்வை திரும்பாது. அடுத்தது கண்புரை. இது கண்ணாடி வில்லையின் பின்பக்கத்தில் வருவதால், வெயிலில் நடந்தால் கூசும். மாத்திரை எடுத்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம், மனக் குழப்பம் ஆகியவற்றையும் கண்காணிக்க வேண்டும்.

இதில் என்னைத் தூங்கவிடாதது மருந்துக்கடைச் சொட்டு மருந்துதான். பிள்ளைக்குக் கண் அரிக்கிறது. கடையில் கேட்டால் டெக்ஸாமெத்தசோன் கலந்த ஒரு குப்பியைத் தருகிறார்கள். அரிப்பு நிற்கிறது. ஒவ்வொரு கோடையிலும் அதே குப்பி. பத்து வயதில் பள்ளிக்கூடப் பலகை தெரியாமல் வருகிற பிள்ளைக்கு நரம்பே கருகியிருக்கும். காட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. உண்ணிச்செடி முள் கீறி, இலையோ குச்சியோ கண்ணில் பட்டுக் கருவிழியில் புண் வந்தால், அதில் பூஞ்சை இருக்க நிறையவே வாய்ப்பு. அந்தப் புண்ணில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து விடுவது பூஞ்சைக்கு நாமே தீனி போடுகிற மாதிரி.

அப்படியென்றால் நெடுநாள் நோய்க்கு என்ன வழி? கும்கி வந்து அடக்கிய பிறகு வேலியும் அகழியும் வேண்டும் அல்லவா? மெத்தோட்ரெக்சேட், மைக்கோபினோலேட் போன்ற மருந்துகள் அந்த வேலி. எதிர்ப்பு அணுக்களை மெல்லப் பழக்கி அமைதிப்படுத்தும். இவை நிலைகொள்ள மாதங்கள் ஆகும். அதுவரை ஸ்டீராய்டு காவல் நிற்கும், பிறகு அதைக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டில் எது மேல் என்ற கேள்விக்குப் பதில் தேடிய ஆய்வில் மதுரை, கோவை, புதுச்சேரி அரவிந்த் மருத்துவமனைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் 216 நோயாளிகள் இருந்தார்கள்; 2019-ல் முடிவு வெளியான கட்டுரையில் ரத்தினம் அவர்களின் பெயர்தான் முதலில் இருந்தது. ஆறு மாதத்தில் ஸ்டீராய்டைக் குறைத்தும் அழற்சி அடங்கி இருந்தவர்கள் மெத்தோட்ரெக்சேட்டில் 66.7 சதவீதம், மைக்கோபினோலேட்டில் 57.1 சதவீதம். உறுதியாகப் பிரித்துச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. ஆனால் விலை குறைந்த பழைய மருந்து பின்தங்கிவிடவில்லை என்பது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய விஷயம். ஒன்றை மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்: மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. தினமும் சாப்பிட்டால் அது விஷம்.

இத்தோடு நான் நிறுத்தி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

(தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா: “கண்ணுக்குள்ள ஊசின்னா வலிக்காதா சார்?”)

பயம்தாம்மா பெரிசு. முதலில் மரத்துப்போகிற சொட்டு மருந்து விடுவோம். கண்ணைக் கிருமிநாசினியால் கழுவுவோம். ஊசி உள்ளே போய் வெளியே வர சில நொடிதான்; ஓர் அழுத்தம் தெரியும். ஆனால் போட்ட பிறகு வரும் நாட்களில் வலியோ, கண் சிவப்போ, பார்வை மங்கலோ கூடினால் அன்றைக்கே வர வேண்டும். உள்ளே கிருமி போயிருக்கலாம். அது அபூர்வம், ஆனால் வந்தால் மணிக்கணக்கில் கண் போய்விடும். பஸ் இல்லை, மழை பெய்கிறது என்று மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

(ஓர் இளம் காவடி: “பார்வை வந்துட்டா மாத்திரைய நிறுத்திடலாமா டாக்டர்?”)

நீங்கள்தான் இதைக் கேட்பீர்கள் என்று நினைத்தேன். நிறுத்தக்கூடாது தம்பி. நம் சிறுநீரகத்தின் தலையில் அட்ரினல் என்று ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தினமும் சுரப்பது அதுதான். வெளியில் இருந்து வாரக்கணக்கில் மாத்திரை வந்துகொண்டிருந்தால், “நமக்கு என்ன வேலை” என்று அது தூங்கிப்போகும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால், சுரப்பி எழுந்திருக்கும் முன்னே ஆள் சுருண்டு விழுந்துவிடுவார். உள்ளே அடங்கிக் கிடந்த அழற்சியும் திரும்பக் கிளம்பும். ஆகவே படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். கல்லட்டி மலையில் 36 வளைவையும் இறங்கித்தானே மசினகுடிக்கு வர முடியும்? நேராகக் குதிக்க முடியாது.

(சுகாதாரப் பணியாளர் ஒருவர்: “இவ்வளவையும் நாங்க எப்படிக் கவனிக்கிறது? எங்க கிட்ட மெஷின் ஒண்ணும் இல்லையே?”)

வீட்டில் மாதக் காலண்டர் இருக்கிறதா? கட்டம் போட்டது. சுவரில் மாட்டி, வழக்கமாகக் கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டு, ஒரு கையால் ஒரு கண்ணை மூடி, நடுக் கட்டத்தையே பார்க்கச் சொல்லுங்கள். கோடு வளைகிறதா, கட்டம் காணாமல் போகிறதா? அடுத்த கண். இரண்டு நிமிஷ வேலை. ஏதாவது கண்ணில் வித்தியாசம் தெரிந்தால், கண் பாப்பாவை விரியவைத்து விழித்திரையைப் பார்க்கிற இடத்துக்கு அந்த வாரமே அனுப்புங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். இந்த முகாமில் ஒவ்வொரு யானைக்கும் ஒரு பதிவேடு வைத்திருக்கிறீர்கள். எப்போது என்ன நோய், எந்த மருந்து, எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். பாகன் மாறினாலும், டாக்டர் மாறினாலும் யானையின் கதை மாறாது. ஸ்டீராய்டு எடுக்கிற ஒவ்வொருவருக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். எந்த ஸ்டீராய்டு, எந்தக் கண்ணில், எந்தத் தேதி, எத்தனை மில்லிகிராம், அன்றைக்குக் கண் அழுத்தம் எவ்வளவு, என்ன காரணம் என்று கண்டுபிடித்தார்கள் என்பதை எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டோடு வருகிறவருக்கு நான் சரியாக வைத்தியம் பார்ப்பேன். நோட்டு இல்லாமல் வந்து, “அப்ப ஒரு ஊசி போட்டாங்க, பேர் தெரியலை” என்கிறவருக்கு நான் மறுபடி ஒன்றாம் பக்கத்தில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். விழித்திரை அவ்வளவு நாள் காத்திருக்காது.

இருட்டிவிட்டது. ரோட்டில் பார்த்துப் போங்கள்.